முன்தளத்தை இரண்டாம் முறை ஒட்டியபோது

நேற்று மாலை, நான் கட்டிவரும் படகின் முன்பகுதியை மூடும் மேல்தளமான முன்தளத்தின் மேல் அரை மணி நேரம் குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு, திறப்பு வழியே கையை விட்டு உள்ளே இருக்கும் மூலை முடுக்குகளை எல்லாம் ஒரு காய்ந்த துணியால் துடைத்துப் பார்த்தேன். ஓரிடத்தைத் தவிர வேறெங்கும் துணி ஈரமாகவில்லை. நான்கு மாதங்களுக்கு முன் இதே தளத்தை முதன்முறை ஒட்டி முடித்து, இதே சோதனையைப் பத்து நிமிடம் மட்டும் செய்தபோது ஏறத்தாழ இரண்டு லிட்டர் தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் ஒட்டிய தளத்தை அறுத்தெடுத்து, அடியில் இருந்த சட்டங்களைத் திருத்தி, வேறு பலகையில் மறுபடியும் ஒட்டினேன். எங்கே பிசகியது என்பதை ஒட்டுப் பிரிந்த மரமே காட்டிக்கொடுத்தது. அது நினைவில் இருக்கும்போதே அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

படகு 4.3 மீட்டர் நீளம், 1.3 மீட்டர் அகலம். 6 மி.மீ. கடல்தர ஒட்டுப்பலகையை வடிவப்படி அறுத்து, செம்புக் கம்பியால் தைத்து, உள்மூலைகளை எப்பாக்சிப் பசையால் நிரப்பி, கண்ணாடியிழைத் துணி ஒட்டி எழுப்பிய அடிக்கூடு அது. அதன் மேல்விளிம்பின் உட்புறத்தில் 20 மி.மீ. அகலமுள்ள ஒரு விளிம்புச் சட்டம் அணியத்திலிருந்து (படகின் முன்முனை) பின்பலகை (படகின் பின்முனையை மூடும் பலகை) வரை ஓடுகிறது. சட்டத்தின் 20 மி.மீ., பக்கப்பலகையின் 6 மி.மீ. ஆக 26 மி.மீ. அகலத்தின் மேல்தான் மேல்தளம் உட்கார வேண்டும். படகைச் சுற்றி வரும் இணைப்பு முழுவதும் அந்த 26 மி.மீட்டரில் அடங்கியது. பக்கத் தளங்களும் பின்தளமும் 200 மி.மீ. அகலமுள்ள தட்டையான பட்டைகள் என்பதால் ஒரே நாளில் ஒட்டி முடிந்தன. தொல்லை கொடுத்தது முன்தளம் மட்டுமே. அணியக் கட்டையிலிருந்து, படகின் குறுக்கே சுவர்போல நிற்கும் முன் தடுப்புப் பலகை வரை 1200 மி.மீ. நீளம், தடுப்புப் பலகையில் அகலம் 1100 மி.மீ.; இடையில், அணியத்திலிருந்து 400, 800 மி.மீ. தொலைவுகளில், இரண்டு குறுக்கு விட்டங்கள். மேலே விழும் தண்ணீர் வழிந்தோட வேண்டும், ஏறி நின்றால் தளம் அமுங்கவும் கூடாது என்பதற்காக, நடுவில் உயர்ந்து இரு ஓரங்களிலும் தாழும் முதுகு வளைவு வைத்திருந்தேன்.

முதன்முறை செய்த இரண்டு காரியங்கள் அப்போது சிக்கனமாகத் தெரிந்தன. ஒன்று, தடுப்புப் பலகையின் 1100 மி.மீ. அகலத்துக்கு நடுவில் 50 மி.மீ. உயரம் வரும்படி ஒரு வளைவு அச்சை வெட்டிக்கொண்டு (அதன் ஆரம் 3.05 மீட்டர் வரும்), இரண்டு விட்டங்களையும் அதே அச்சில் வைத்து அறுத்தேன். ஆகவே 850 மி.மீ. அகலமுள்ள விட்டத்துக்கு 30 மி.மீ. வளைவும், 500 மி.மீ. அகலமுள்ளதற்கு 10 மி.மீ. வளைவும் கிடைத்தன. இரண்டாவது, தளம் விளிம்பைத் தொடும் சாய்வை தடுப்புப் பலகையின் ஓரத்தில் மட்டும், கோணத்தை எடுக்கும் சாய்மட்டக் கருவியால் எடுத்தேன். பத்து பாகைக்குச் சற்றுக் கூடுதல். அந்த ஒரே கோணத்தில் இழைப்புளியை வைத்து விளிம்புச் சட்டம் முழுவதையும் அணியம் வரை சரித்துவிட்டேன். இழைப்பு மிக அழகாக வந்தது. கையால் தடவிப் பார்த்தபோது திருப்தியாகவும் இருந்தது.

அச்சு ஒன்றுதான் என்றாலும் அகலம் குறையக் குறைய ஓரத்தின் சாய்வும் குறையும் என்பது அப்போது உறைக்கவில்லை. 3.05 மீட்டர் ஆரத்தில், 850 மி.மீ. அகலத்தில் ஓரச் சாய்வு 8 பாகை, 500 மி.மீ. அகலத்தில் 5 பாகைக்கும் குறைவு. அணிய முனையருகே ஒன்றிரண்டு பாகைதான். நான் எல்லா இடத்திலும் பத்து பாகைக்குச் சரித்திருந்ததால், பலகை சட்டத்தின் உள்விளிம்பில் மட்டும் தொட்டு, வெளிப்புறத்தில் வாயைத் திறந்துகொண்டு நின்றது. 26 மி.மீ. அகலத்தில் அந்த இடைவெளி பின்விட்டத்தருகே 1 மி.மீ., முன்விட்டத்தருகே இரண்டரை, முனையருகே 4. தண்ணீர் எந்தப் பக்கமிருந்து வருமோ அந்தப் பக்கமே திறந்திருந்தது. பசையில்லாமல் பலகையை வைத்துப் பார்த்தபோது இந்த இடைவெளி கண்ணில் படாமல் இல்லை. ஸ்குரூவைப் போட்டு இறுக்கினால் மூடிக்கொள்ளும் என்று நினைத்தேன், மூடியதுபோலவும் இருந்தது.

இதைவிட ஆழமான பிழை மையக்கோட்டில் இருந்தது. ஒட்டுப்பலகை ஒரு திசையில் மட்டுமே வளையும். குழாயாகவோ கூம்பாகவோ சுருளும், கிண்ணமாகவோ சேணமாகவோ குழியாது. என் படகின் மேல்விளிம்பு பக்கவாட்டில் பார்த்தால் அணியத்தை நோக்கி உயர்ந்து செல்கிறது. தடுப்புப் பலகையில் பூஜ்யம் என்று வைத்தால், பின்விட்டத்தில் 18 மி.மீ., முன்விட்டத்தில் 45, அணியத்தில் 80. இவற்றோடு அந்தந்த இடத்து முதுகு வளைவைக் கூட்டினால் மையக்கோட்டின் உயரம் 50, 48, 55, 80 என்று வருகிறது. அதாவது மையக்கோடு நேராகச் செல்லாமல் நடுவில் தொய்ந்து, முனையில் மேலே எழுகிறது. குறுக்கே கவிழ்ந்த வளைவு, நெடுக்கே தொய்ந்த வளைவு என்று 6 மி.மீ. பலகையை ஒரே நேரத்தில் சேணமாக வளையச் சொல்லியிருக்கிறேன். நான்கு எண்களைக் கூட்டிப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். கூட்டிப் பார்த்தது தளத்தை அறுத்தெடுத்த பிறகு.

ஒட்டிய நாளில் நடந்தவற்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நண்பகல், வெப்பமானி 31 பாகை செல்சியஸ் காட்டியது. முழு வேலைக்கும் சேர்த்து 600 கிராம் எப்பாக்சியை ஒரே வாளியில் கலந்தேன். எப்பாக்சி இறுகும்போது தானே சூடாகும். குவியலாக இருந்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் இறுகுவதை மேலும் விரைவுபடுத்தும். பாதி விளிம்புக்குப் பூசி முடிப்பதற்குள், ஏறக்குறைய பதினெட்டாவது நிமிடத்தில், வாளி கையில் பிடிக்க முடியாதபடி சுட்டு, புகையத் தொடங்கியது. மீதியை அவசரமாக வேறொரு கலவையில் பூசினேன். அடுத்து, லாரிச் சுமை கட்டும் ராட்செட் பட்டைகள் நான்கைப் படகைச் சுற்றிப் போட்டு, வரும் வரை இறுக்கினேன். பசை பிதுங்கி வழிந்ததைக் கண்டு, நன்றாகப் பிடிக்கிறது என்று மகிழ்ந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பட்டைகளை அவிழ்த்தபோது தளம் பார்வைக்குக் குறையில்லாமல் இருந்தது. ஆனால் விளிம்பை ஒட்டிக் கண்ணை வைத்துப் பார்த்தால், ஸ்குரூ இருந்த இடங்களில் பள்ளமும் இடையில் மேடுமாக மெல்லிய அலை தெரிந்தது. ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனேன். சில இடங்களில் கணீரென்றும் சில இடங்களில் பொத்தென்றும் ஓசை வந்தது. பொத்தென்று ஒலித்த இடங்களில் 0.2 மி.மீ. எஃகுத் தகட்டைச் செருகியபோது, முன்விட்டத்துக்கு முன்னால் ஓரிடத்தில் 14 மி.மீ. ஆழம் வரை தடையில்லாமல் உள்ளே சென்றது. அதற்குப் பிறகு செய்த தண்ணீர்ச் சோதனையின் முடிவைத்தான் தொடக்கத்தில் சொன்னேன்.

வெளியிலிருந்து பசையை அடைத்து, மேலே துணி ஒட்டி மூடிவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். மேலே மூடினாலும் உள்ளே ஒட்டாத மரம் ஒட்டாததாகவே இருக்கும் என்பதால் அறுப்பது என்று முடிவு செய்தேன். வட்ட ரம்பத்தின் ஆழத்தை 7 மி.மீட்டருக்கு வைத்து, விளிம்புச் சட்டத்துக்கு உட்புறமாகக் கோடு போட்டு அறுத்தேன். விட்டங்களின் முதுகில் ஒவ்வொரு மி.மீ. வெட்டு விழுந்தது, அது பின்னால் அதன்மேல் பிறை வடிவ மரத்துண்டு ஒட்டியபோது மறைந்துவிட்டது. வலப்பக்கம் அறுத்து முடித்ததும் 3 மி.மீ. அகலமுள்ள ரம்பத் தடம் தானாகவே மூடிக்கொண்டு ரம்பத்தைக் கவ்வியது. இடப்பக்கத் தடமோ 5 மி.மீட்டராக விரிந்தது. அடிக்கூடு முறுக்கிக்கொண்டிருந்த நிலையிலேயே அதைத் தளத்தால் பூட்டி வைத்திருந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

விளிம்புச் சட்டத்தின் மேல் ஒட்டியிருந்த மீதிப் பட்டையை எடுப்பதற்குப் பதினான்கு மணி நேரம் பிடித்தது. எப்பாக்சியை முழுமையாக இறுகிய பிறகும் சூடாக்கினால் இளகும். ஹீட் கன்னால் ஒரு சாண் நீளத்தைச் சூடேற்றி, அகலமான உளியைத் தட்டித் தட்டி நுழைத்து, அடுத்த சாணுக்கு நகர்வேன். பசை நிரம்பிய ஸ்குரூத் தலைகளை ஊசியால் சுரண்டி, சூடான சால்டரிங் அயனை அதன் மேல் அரை நிமிடம் வைத்தால், சுற்றியுள்ள பசை இளகி ஸ்குரூ எளிதாகச் சுழன்று வந்தது. 48 ஸ்குரூக்களில் மூன்று மட்டும் தலை தேய்ந்து, சுற்றித் துளைத்து எடுக்க வேண்டியதாயிற்று.

பிரிந்து வந்த முகங்கள்தான் இந்த வேலையில் நான் கற்ற பாடத்தில் பெரும்பகுதி. மூன்று விதமாக இருந்தன. பின்பக்கம், தடுப்புப் பலகையருகே, பசை அப்படியே நிற்க ஒட்டுப்பலகையின் நார் கிழிந்து வந்திருந்தது. அதுவே சரியான ஒட்டு. மரம் கிழிய வேண்டும், பசை பிரியக் கூடாது. உள்விளிம்பு நெடுக, பட்டையின் அழுத்தம் அதிகமாக விழுந்த இடங்களில், இரு முகங்களிலும் பசையே இல்லாத வெளிறிய வறண்ட மரம் இருந்தது. மகிழ்ச்சியோடு பார்த்த பிதுங்கல் இதுதான், பசை எல்லாம் வெளியே போய்விட்டது. முன்னால், வெளிவிளிம்பில், சட்டத்தின் மேல் பசை பளபளப்பான மேடாக உறைந்து நின்றது; அது பலகையைத் தொடவே இல்லை. தொட்ட சில இடங்களிலும் பலகையின் அடிப்பக்கம் கண்ணாடிபோல் வழுக்கலாக உரிந்து வந்தது. தளத்தின் அடியில் முந்தைய நாளே எப்பாக்சிப் பூச்சு கொடுத்துவிட்டு, இறுகும்போது மேலே படியும் மெழுகு போன்ற படலத்தைத் தண்ணீரால் கழுவாமல், உப்புத்தாளும் போடாமல் அப்படியே ஒட்டியிருக்கிறேன்.

இரண்டாம் முறை முதலில் படகின் முறுக்கை எடுத்தேன். தடுப்புப் பலகையின் மேல் ஒரு நேரான பட்டியும் பின்பலகையின் மேல் இன்னொன்றும் குறுக்கே வைத்து, பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். எனக்கு வலப்பக்கம் 11 மி.மீ. தாழ்ந்திருந்தது. படகு உட்கார்ந்திருந்த தாங்கு சட்டத்தின் அடியில் ஆப்பு வைத்து, எதிர்மூலையில் சிறிது சுமை ஏற்றி, வித்தியாசம் 1 மி.மீட்டருக்குள் வந்ததும் தாங்கு சட்டத்தைத் தரையோடு அசையாமல் பொருத்தினேன். அணிய முனையிலிருந்து பின்பலகையின் இரு மூலைகளுக்கும் நூல் பிடித்து, இரண்டு நீளங்களும் 2 மி.மீட்டருக்குள் ஒத்துப்போவதையும் பார்த்துக்கொண்டேன். தளம் ஒட்டிய பிறகு இந்த முறுக்கை யாராலும் எடுக்க முடியாது. ஒட்டுவதற்கு முன் ஒரு கையால் தள்ளினாலே எடுத்துவிடலாம்.

அடுத்தது மையக்கோடு. தடுப்புப் பலகையின் உச்சி 50 மி.மீ., அணியம் 80 மி.மீ. என்ற இரண்டு புள்ளிகளுக்கு இடையே நூலை இறுகக் கட்டினேன். நூலின் உயரம் பின்விட்டத்தில் 60, முன்விட்டத்தில் 70. விட்டங்களோ 48, 55 என்று நின்றன. ஆகவே பின்விட்டத்துக்கு 12 மி.மீ., முன்விட்டத்துக்கு 15 மி.மீ. குறைவு. விட்டங்களைக் கழற்றாமல், நடுவில் இந்த உயரமும் ஓரங்களில் ஒன்றுமில்லாமல் தேய்ந்து முடியும் பிறை வடிவத் துண்டுகளை அறுத்து, அவற்றின் முதுகில் ஒட்டினேன். இப்போது தளம் உருளையின் பகுதியாக இல்லாமல் அணியத்தை நோக்கிக் குவியும் கூம்பின் பகுதியாகிவிட்டது. ஆரம் பின்விட்டத்தில் 2.17 மீட்டராகவும் முன்விட்டத்தில் 1.26 மீட்டராகவும் குறைந்துவிட்டதால், 6 மி.மீ. பலகையை விட்டு 4 மி.மீ. பலகைக்கு மாறினேன், ஒரே துண்டாகப் போடாமல் மையக்கோட்டில் பிரித்து இரண்டு பாதிகளாக வெட்டவும் முடிவு செய்தேன். இரண்டும் சேரும் இடத்துக்கு அடியில், 60 மி.மீ. அகலமும் 18 மி.மீ. கனமும் உள்ள ஒரு நடுச்சட்டத்தை விட்டங்களில் காடி எடுத்துப் பதித்தேன். அதன் மேல்முகம் அணியத்தருகே கூரைமுகடுபோல இருபுறமும் சரிந்தும், தடுப்புப் பலகையருகே ஏறக்குறையத் தட்டையாகவும் இருக்கும்படி இழைக்க வேண்டியிருந்தது.

இதில் ஒரு வேடிக்கை. மையக்கோட்டை நேராக்கியதும் ஓரச் சாய்வுகளை மறுபடி கணக்கிட்டேன்: தடுப்புப் பலகையில் 10.4 பாகை, பின்விட்டத்தில் 11.3, முன்விட்டத்தில் 11.4. அதாவது முதன்முறை முட்டாள்தனமாக முழு நீளத்துக்கும் ஒரே கோணத்தில் இழைத்தேனே, அந்தக் கோணம் இந்தப் புதிய தளத்துக்கு ஒரு பாகைக்குள் பொருந்தியது. சாய்வு தவறு என்று நான் நினைத்ததில் பாதி, தளத்தின் வடிவமே தவறு என்பதன் விளைவு. மிச்சமிருந்த ஒரு பாகை வித்தியாசத்திலும் பலகை வெளிவிளிம்பில் தொட்டு, உட்புறம் அரை மி.மீ. திறந்திருக்கும், தொடுவதானால் அந்தப் பக்கம் தொடுவதே நல்லது.

ஆனாலும் இந்த முறை கணக்கை நம்பி இழைக்கவில்லை. பழைய பசையை எடுத்ததில் சட்டத்தின் மேல்முகம் குண்டும் குழியுமாகியிருந்தது, ஒன்றரை மி.மீ. அளவுக்கு எப்படியும் இழைத்தே ஆக வேண்டும். விட்டங்களின் மேலும் நடுச்சட்டத்தின் மேலும் வளைந்து கொடுக்கும் 5 மி.மீ. பட்டியைக் குறுக்கே படிய வைத்து, அதன் நுனி விளிம்புச் சட்டத்தில் முழு அகலத்துக்கும் உட்காரும் வரை, 100 மி.மீட்டருக்கு ஒன்றாக அரை அங்குல உளியால் சிறு படுகைகள் வெட்டினேன். ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு படுகைகள். பிறகு ஒரு படுகைக்கும் அடுத்ததற்கும் இடையில் உள்ள மேட்டை மட்டும் இழைப்புளியால் எடுத்தேன். படுகைகளின் அடித்தளத்தை உளி தொட்ட தடம் மறையும் நேரத்தில் கையை நிறுத்த வேண்டும். கடைசியாக, தளப்பாதியின் அடியில் நீலச் சுண்ணக்கட்டியைத் தேய்த்து, இடத்தில் வைத்து, ஓரத்தை உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால், மேடான இடங்களில் மட்டும் நீலம் ஒட்டியிருக்கும். அவற்றைச் சீவிவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தேன். வலப்பாதிக்கு ஏழு முறை, இடப்பாதிக்கு ஐந்து முறை. முடிவில், கையால் மட்டும் அழுத்திய நிலையில் எங்கும் 0.5 மி.மீ. தகடு நுழையவில்லை. இந்த வேலைக்கு இரண்டு நாள் ஆயின. திரும்பச் செய்வதானால் மூன்று நாள் ஒதுக்குவேன்.

மூடிவிட்டால் கை எட்டாத வேலைகளை எல்லாம் ஒட்டுவதற்கு முன்பே முடித்தேன். தடுப்புப் பலகையில் 300-க்கு 400 மி.மீ. திறப்பு ஒன்றை வெட்டினேன். முதன்முறை வைத்திருந்த 150 மி.மீ. வட்டத் திறப்பில் கை நுழையுமே தவிர, நுழைந்த கையால் ஒன்றும் செய்ய முடியாது. தடுப்புப் பலகையின் உச்சியில் 3 மி.மீ. துளை ஒன்றும் போட்டேன். மூடிய அறைக்குள் இருக்கும் காற்று 25 பாகையிலிருந்து 45 பாகைக்குச் சூடேறினால், வெளியேற வழியில்லாத நிலையில் அதன் அழுத்தம் சுமார் 7 விழுக்காடு உயரும். என் முன்தளத்தின் பரப்பு 0.76 சதுர மீட்டர். அதன்மேல் உள்ளிருந்து 500 கிலோவுக்கும் மேற்பட்ட எடைக்குச் சமமான விசை தள்ளும். எந்த ஒட்டையும் தினமும் அப்படிச் சோதிப்பது நல்லதல்ல. கசிவு பார்க்கக் காற்றடிக்கும் பம்பைச் செருகுவோரும் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம். கயிறு கட்டும் கொக்கிக்கு அடியில் 18 மி.மீ. தாங்குபலகை வைத்தேன். அணிய வளையத்துக்கு வைக்க மறந்தேன்.

இரண்டு பாதிகளின் அடிப்பக்கத்துக்கும் எப்பாக்சி மூன்று பூச்சுக் கொடுத்தேன். ஒட்டு விழும் 30 மி.மீ. ஓரத்தையும் விட்டங்கள் தொடும் பட்டைகளையும் காகித நாடாவால் மறைத்து, பூச்சில்லாத மரமாகவே விட்டுவைத்தேன். மறுநாள் பூச்சு முழுவதையும் தண்ணீரும் சொரசொரப்பான பஞ்சும் கொண்டு கழுவி, 80-ஆம் எண் உப்புத்தாள் போட்டேன். இறுக்குவதற்குப் பட்டைகளை முற்றாகக் கைவிட்டு, தற்காலிக ஸ்குரூக்களையே நம்பினேன். 4 மி.மீ. பலகையில் ஸ்குரூத் தலை நேரடியாக இறங்கினால் அது புதைந்து அலை உண்டாகும் என்பதால், 25-க்கு 40 மி.மீ. அளவில் 84 ஒட்டுப்பலகைத் துண்டுகளை வெட்டி, பசை ஒட்டாதபடி அவற்றைப் பார்சல் டேப்பால் சுற்றி, ஒவ்வொரு ஸ்குரூவுக்கும் ஒரு துண்டு என்று வைத்தேன். ஸ்குரூக்களுக்கு மெழுகுவத்தியைத் தேய்த்துக்கொண்டேன். 75 மி.மீட்டருக்கு ஒரு துளை. எல்லாத் துளைகளையும் பசையில்லாமல் ஒருமுறை முழுதாகப் பூட்டிப் பார்த்துப் போட்டேன். பூட்டிய நிலையில் மேல்முகத்தில் அலை ஏதும் தெரியவில்லை என்பதை உறுதி செய்த பிறகே கழற்றினேன்.

ஒட்டியது விடியற்காலை ஐந்தரை மணிக்கு, 24 பாகையில், எப்பாக்சியை மெதுவாக இறுகவைக்கும் ஹார்டனரைக் கொண்டு. நண்பர் ஒருவர் கலந்து கொடுக்க, நான் பூசினேன். ஒரு கலவைக்கு 150 கிராம்தான். அதையும் வாளியில் வைக்காமல் அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பி வைத்தோம். முதலில் சட்டத்துக்கும் பலகைக்கும் வெறும் எப்பாக்சியைத் தூரிகையால் பூசி, மரம் குடிக்கும் அளவைக் குடிக்கவிட்டோம். பலகையின் வெட்டுவிளிம்பு மட்டும் மூன்று தடவை குடித்தது. அதன் பிறகு சிலிக்காத் தூளும் மெல்லிய மரமாவும் சேர்த்துக் கெட்டியாக்கிய பசையை, கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாத பதத்தில், பல்வைத்த தகட்டால் 2 மி.மீ. உயரத்துக்கு வரிவரியாக இழுத்தேன். எல்லாம் சேர்த்து 450 கிராம் என்று போட்ட கணக்கில் 40 கிராம் மிஞ்சியது. ஸ்குரூக்களை நடுச்சட்டத்திலிருந்து தொடங்கி ஓரத்துக்கும், தடுப்புப் பலகையிலிருந்து அணியத்துக்குமாகப் போட்டுக்கொண்டே போனோம். மின் ஸ்குரூடிரைவரை ஒதுக்கிவிட்டுக் கையால் முடுக்கினேன். வெளிவிளிம்பில் பசை ஒரு நூல் போலத் தொடர்ச்சியாக எட்டிப் பார்த்த உடனே நிறுத்தினேன். எப்பாக்சிக்குப் பெரிய அழுத்தம் வேண்டியதில்லை, இரண்டு முகங்களும் அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். தொண்ணூறு நிமிடத்தில் இரண்டு பாதிகளும் உட்கார்ந்துவிட்டன.

பசை இறுகத் தொடங்குவதற்குள் திறப்பு வழியே தலையையும் ஒரு தோளையும் நுழைத்து, மல்லாந்து படுத்துக்கொண்டு, உட்புறம் பிதுங்கிய பசையை வளைத்த குச்சியால் மூலையில் வழித்து உருட்டிவிட்டேன். முகமூடியும் கண்ணாடியும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. பசை முகத்தில்தான் சொட்டும். அணிய முனையின் கடைசி 250 மி.மீட்டருக்குக் கை எட்டவே இல்லை. நுனியில் ஈரமான பஞ்சு கட்டிய ஒரு நீளக் கம்பால் ஒப்பேற்றினேன்.

மூன்றாம் நாள் ஸ்குரூக்களைக் கழற்றினேன். துளைகளை 5 மி.மீட்டருக்குப் பெரிதாக்கிக் கெட்டிப்பசையால் அடைத்தேன். இணைப்பில் இப்போது உலோகமே இல்லை. பித்தளை ஸ்குரூவை உள்ளேயே விட்டுவைப்போரும் உண்டு. உப்புநீரில் பித்தளையிலிருக்கும் துத்தநாகம் கரைந்து, செந்நிறத்தில் உதிரும் பொருளாக மிஞ்சும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. ஓரத்தில் 8 மி.மீ. வெளியே நீட்டியிருந்த பலகையை ரௌட்டரால் பக்கப்பலகையோடு சமமாக வெட்டி, விளிம்பை 6 மி.மீ. ஆரத்துக்கு உருட்டினேன். கூர்விளிம்பில் கண்ணாடியிழைத் துணி மடங்காது. நிமிர்ந்துகொண்டு அடியில் காற்றுக் குமிழை விட்டுவிடும். அதன் மேல் 75 மி.மீ. அகலமுள்ள, சதுர மீட்டருக்கு 200 கிராம் எடையுள்ள துணிப்பட்டையை, பாதி தளத்திலும் பாதி பக்கத்திலும் விழுமாறு இரண்டு அடுக்கு ஒட்டினேன். இரண்டாவது அடுக்கை 10 மி.மீ. தள்ளிப் போட்டால் ஓரம் படிக்கட்டாகத் தேய்ந்து, உப்புத்தாள் போடுவதற்கு எளிதாகும். முழுத் தளத்துக்கும் இன்னொரு துணி, மூன்று பூச்சு.

நாணயத்தால் தட்டியபோது முனை முதல் தடுப்புப் பலகை வரை ஒரே ஓசை.

செலவுக் கணக்கில், முதல் தளத்துக்கு ஒன்பது மணி நேரம், அதை அகற்றுவதற்கும் சுத்தம் செய்வதற்கும் பதினான்கு, இரண்டாவதற்கு முப்பத்தொன்று. வீணானவை 6 மி.மீ. பலகை ஒன்று, எப்பாக்சி ஏறத்தாழ ஒன்றரை கிலோ, உளியின் கூர் நான்கு தடவை. படகுக்கு இதுவரை போட்ட பணத்தில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இந்த ஒரு தளமே விழுங்கியது. இன்னொரு படகு கட்டினால் விளிம்புச் சட்டத்தை 20-க்குப் பதில் 30 மி.மீ. அகலத்தில் வைப்பேன், ஒட்டும் அகலம் கூடுவதோடு, இழைப்புளி சாயாமல் உட்காரவும் இடம் கிடைக்கும். விட்டங்களை வரைபடத்தைப் பார்த்து அறுக்காமல், அடிக்கூட்டை நேராக்கி, நடுச்சட்டத்தை முதலில் பொருத்திவிட்டு, அதன் உயரத்திலிருந்து எடுத்து அறுப்பேன். முனையில் கை எட்டாத அந்த 250 மி.மீட்டருக்கு, உட்புறம் ஒரு முக்கோணக் கட்டையை முன்கூட்டியே நிரப்பிவிட்டால் பசை வழிக்கும் வேலையே மிச்சம்.

துணி ஈரமான ஓரிடம் அணிய வளையத்தின் போல்ட் துளை. ஒட்டில் கசிவில்லை, தாங்குபலகை வைக்க மறந்த அதே வளையம், மூடிய பிறகு துளைத்துப் போட்ட 8 மி.மீ. போல்ட். இன்று காலை போல்ட்டைக் கழற்றித் துளையை 14 மி.மீட்டருக்கு விரித்தேன். தாங்குபலகை ஒன்றை நீளக் கம்பின் நுனியில் வைத்துத் திறப்பு வழியே கொண்டுபோய்ப் பசையோடு அழுத்தி, கம்பின் இந்த முனைக்குத் தடுப்பாக ஆப்பு கொடுத்து நிறுத்தியிருக்கிறேன். துளையிலும் கெட்டிப்பசை நிரப்பியாயிற்று. நாளை மறுநாள் அதன் நடுவில் 8 மி.மீ. துளையிட்டு வளையத்தைப் பூட்டிவிட்டு, படகின் வெளிவிளிம்பை உரசலிலிருந்து காக்கும் உரசுபட்டியைப் பொருத்தும் வேலைக்குப் போக வேண்டும்.